ஒப்பந்தக்காரருக்கு நீட்டிப்பு, எங்களுக்குப் பின்வாசலா?

"ஒப்பந்தக் காலம் முடிவடைந்துவிட்டபடியால், பொதுமக்கள் நலன் மற்றும் சுகாதாரத்தின் அவசர அவசியம் கருதி, புதிய ஒப்பந்தப்புள்ளி இறுதி செய்யப்படும் வரை, அதே விலை விகிதத்திலும் அதே நிபந்தனைகளின் பேரிலும் மேலும் மூன்று மாத காலத்துக்கு நீட்டிப்பு வழங்க மன்றத்தின் அனுமதிக்கு."

எங்கள் ஊர் நகராட்சியின் மன்றப் பொருள் இது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு, அலைந்து, மேல்முறையீடு போட்டு வாங்கிய நகல்கள் ஏழு என் முன்னால் கிடக்கின்றன. ஏழிலும் இதே வாக்கியம்தான். தேதி மட்டும் மாறுகிறது. மூன்றாவது நகலில் 'அவசயம்' என்று ஒரு தட்டச்சுப் பிழை விழுந்திருக்கிறது. நான்கு, அய்ந்து, ஆறு, ஏழு எல்லாவற்றிலும் அதே 'அவசயம்' உட்கார்ந்திருக்கிறது. ஒருத்தரும் படிக்கவில்லை. படிக்காமலேயே ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறார்கள்.

ஓராண்டுக்கு விட்ட ஒப்பந்தம். ஏழு நீட்டிப்பு சேர்த்தால் இரண்டே முக்கால் ஆண்டு. ஒப்பந்தம் எதற்கு? தெருக்கூட்டவும் சாக்கடை வாரவும் ஆள் அனுப்புவதற்கு. அந்த ஆட்களில் ஒருத்தி எங்கம்மா. பதினோரு வருசமாக அதே நாலு தெருவைக் கூட்டுகிறவள். இந்தப் பதினோரு வருசத்தில் ஒப்பந்தக்காரர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். துடைப்பம் மாறவில்லை, கை மாறவில்லை, சாதியும் மாறவில்லை.

நீட்டிப்பு என்பது ஏதோ கோப்பு தாமதம், அலுவலகச் சோம்பேறித்தனம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தோழர்கள் பலர் இன்னும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கொஞ்சம் முற்போக்காக யோசிப்பவர்கள் 'கமிஷன்' என்பார்கள். சோம்பேறித்தனமும் உண்டு, கமிஷனும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் விசயம் அதுக்கும் கீழே இருக்கிறது.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் வந்தது. அதன் விதிகள் 2000இல் வந்தன. அரசுப் பணத்தில் எதை வாங்கினாலும், எந்த வேலையைக் கொடுத்தாலும் ஊரறிய அறிவித்து, போட்டிக்கு விட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. விலக்குகள் 16ஆம் பிரிவில் இருக்கின்றன. இயற்கைப் பேரிடர் அதில் ஒன்று, அரசு அறிவித்த அவசர நிலை ஒன்று. கவனியுங்கள்: அரசு அறிவித்த அவசரம். நகர்மன்றத் தலைவர் 'அவசர அவசியம் கருதி' முன்அனுமதி கொடுத்துவிட்டு அப்புறம் மன்றத்தில் பதிவு செய்துகொள்கிற அவசரம் அல்ல. குப்பை நேற்றும் விழுந்தது, இன்றும் விழுகிறது, நாளையும் விழும். இதில் பேரிடர் எங்கே வந்தது?

அவகாசம் போதவில்லை என்பார்கள். இரண்டு கோடி வரையிலான டெண்டருக்கு 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் கொடு என்பதுதான் அந்த விதிகள் கேட்பது. ஒப்பந்தம் என்றைக்கு முடியும் என்பது அது தொடங்குகிற நாளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முன்னூற்று அறுபத்தைந்து நாளில் ஒரு முப்பது நாள் கிடைக்கவில்லையாம்!

மத்திய நிதியமைச்சகத்தின் பொருள் கொள்முதல் கையேடு, 2017இல் வெளியிட்டது, இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. விலை ஒப்பந்தம் முடிகிற நேரத்தில் புதியது தயாராகவில்லை என்றால் பழையதை அதே விலை, அதே நிபந்தனையில் நீட்டிக்கலாம். பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் போகக்கூடாது. சந்தையில் விலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் நீட்டிக்க வேண்டும். இந்தக் கையேடு எங்கள் நகராட்சியைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் நகராட்சித் தீர்மானத்தின் வாடை எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறதல்லவா? 'அதே விலை, அதே நிபந்தனை, மூன்று மாதம்.' பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் வாங்குவதற்கு எழுதிய சட்டம் இது. பிளீச்சிங் பவுடர் மூட்டைக்கு அதே விலை என்றால் கருவூலத்துக்கு லாபம், நியாயமும்கூட. ஆள் அனுப்புகிற ஒப்பந்தத்தில் 'விலை' என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? அது எங்கம்மாவின் கூலி.

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

உள்ளாட்சியில் வேலை செய்கிற தூய்மைப் பணியாளர்களுக்கு மாவட்ட ஆட்சியர் ஆண்டுதோறும் நாட்கூலி நிர்ணயம் செய்து அறிவிக்கிறார். விலைவாசிப் புள்ளி ஏறினால் அதுவும் ஏறும். காகிதத்தில் ஏறுகிறது. நீட்டிப்பில் ஓடுகிற ஒப்பந்தத்தில் விலை பழைய விலை. எங்கம்மாவும் இன்னும் நாலு பெண்களும் போய்க் கேட்டார்கள். மேஸ்திரி, "கான்ட்ராக்டரைக் கேளு" என்றான். கான்ட்ராக்டர், "நகராட்சி எனக்குப் பழைய ரேட்டுதானம்மா கொடுக்குது, நான் எங்க போவேன்? எக்ஸ்டென்சன்ல அப்படித்தான்" என்றார். நகராட்சி அலுவலகத்தில் ஒரு எழுத்தர், என்னைவிட வயது குறைந்தவன், அம்மாவைப் பார்த்து, "நீ எங்க ஆளே இல்ல, இங்க எதுக்கு வர்ற?" என்றான். அறுபதைத் தொடப்போகிறவள் அவனுக்கு 'நீ'. அவளுக்கு அவன் 'சார்'.

1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கூலியைக் குறைக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது என்றது. ஒப்பந்தக்காரர் கூலி தரவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவர் தர வேண்டும் என்று 1970ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொன்னது. புதிய தொகுப்புச் சட்டத்திலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. அதாவது 'நீ எங்க ஆளே இல்ல' என்று சொல்கிற உரிமை அந்த எழுத்தருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. இது எழுத்தருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆணையருக்கு?

இன்னொன்று. ஒப்பந்தம் 31ஆம் தேதி முடியும். நீட்டிப்புத் தீர்மானம் அடுத்த மாதம் 20ஆம் தேதி மன்றத்துக்கு வரும், 'பின்தேதியிட்டு' அனுமதி கிடைக்கும். நடுவில் இருக்கிற இருபது நாள் யாருடையது? காகிதப்படி அந்த இருபது நாளும் ஊரில் குப்பையே அள்ளப்படவில்லை. ஆனால் தெரு கூட்டித்தான் இருந்தது. எங்கள் சித்தி ஒருத்தி, அம்மாவோடு வேலை பார்ப்பவள், அப்படியொரு இருபது நாளில்தான் உடைந்த பாட்டிலில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டாள். நரம்பு அறுந்துவிட்டது. ஈ.எஸ்.அய். மருத்துவமனைக்குப் போனால் இந்த மாதம் பணம் கட்டியதாகப் பதிவே இல்லை என்றார்கள். ஒப்பந்தக்காரர் சொன்னார்: "என் ஆர்டர் 31ஓட முடிஞ்சுதும்மா." நகராட்சி சொன்னது: "ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள்." அப்போதிருந்த ஈ.எஸ்.அய். சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி சந்தாவை முதலில் கட்ட வேண்டியது முதன்மை வேலையளிப்பவர்தான், அப்புறம் அவர் ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ளலாம். அந்தப் பிரிவை அச்சடித்து எடுத்துக்கொண்டு நான் அலைந்தேன். நாலு மாதம் ஆனது. சித்தியின் வலது கையில் இரண்டு விரல் இன்றுவரை மடங்கவில்லை. எட்டாவது நீட்டிப்பு வந்தால் அவளுக்கு வேலை இல்லை என்று மேஸ்திரி இப்போதே சொல்லிவிட்டான்.

சரி, பதினோரு வருசம் உழைத்தவளுக்குச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? 1981இல் தமிழ்நாடு ஒரு சட்டம் போட்டது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! நகராட்சி என்ன சொல்லும்? 'நான் தொழில் நிறுவனமே இல்லை' என்று வாதாடும். ஒப்பந்தக்காரர் என்ன சொல்வார்? 'என்னிடம் இரண்டே முக்கால் வருசம்தான், அதுவும் மூன்று மூன்று மாதமாக' என்பார். அவளுடைய பதினோரு வருசத்தை யாருடைய கணக்கிலும் ஏற விடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இந்தத் துண்டு துண்டான காகிதங்கள். ஒப்பந்தக்காரருக்கு ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டோடு ஒட்டிக்கொள்கிறது. எங்களுக்கு ஒவ்வொரு துண்டும் புதுசாகத் தொடங்குகிறது.

நீதிமன்றத்துக்குப் போகலாமே என்று கேட்கிற மாணவத் தோழர்களுக்காக இதைச் சொல்கிறேன். 2006ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உமாதேவி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. முறையான தேர்வு இல்லாமல் தற்காலிகமாக உள்ளே வந்தவர்கள், எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், நிரந்தரம் கோர உரிமை இல்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்தாண்டு முடித்தவர்களுக்கு ஒரேயொரு முறை மட்டும் ஒரு சலுகை. அன்றிலிருந்து எங்கள் ஆட்கள் எந்த நீதிமன்றப் படியேறினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை 'பின்வாசல்'. அதே 2006 டிசம்பரில், மீரட் மாநகராட்சியின் இறைச்சிக்கூட வழக்கில், அதே உச்ச நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது. அரசு ஒப்பந்தங்களைப் பொது ஏலம் அல்லது டெண்டர் மூலம்தான் கொடுக்க வேண்டும். அதற்கு வெளியே கொடுப்பது அரிதான விதிவிலக்காக மட்டுமே இருக்க முடியும்.

ஒரே ஆண்டு. ஒரே நீதிமன்றம். ஒரே தத்துவம்: போட்டியில்லாமல் உள்ளே வந்தால் செல்லாது. இதை யார்மேல் சுமத்தினார்கள்? எங்கம்மா பின்வாசல் என்றால், டெண்டர் இல்லாமல் ஏழுமுறை உள்ளே வந்த ஒப்பந்தக்காரர் எந்த வாசல்? அவருக்கு மட்டும் மன்றத்தில் ஒருமனதான தீர்மானம். எங்களுக்கு அரசியல் சாசனத்தின் சமத்துவப் பிரிவை எடுத்துக் காட்டுகிறார்கள். சமத்துவப் பிரிவை! அண்ணல் அம்பேத்கர் எதற்கு எழுதினார், இவர்கள் எதற்கு வாசிக்கிறார்கள்!

2024 டிசம்பரில் ஒரு வெளிச்சம் வந்தது, சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கியவர்கள், தோட்டவேலை செய்தவர்கள் தொடுத்த வழக்கில், நீண்ட காலம் உழைத்தவர்களைத் துரத்துவதற்கு உமாதேவி தீர்ப்பை ஆயுதமாக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அவர்களைப் பணி நிரந்தரம் செய்ய உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் காசியாபாத் மாநகராட்சித் தோட்டத் தொழிலாளர் வழக்கிலும் தொழிலாளர் பக்கம் பேசியது. நல்லது. ஆனால் அவர்களை அரசு அமைப்பின் நேரடி ஆட்கள் என்று காட்ட முடிந்தது. எங்கள் முகத்துக்கு முன்னால் ஒப்பந்தக்காரர் என்ற திரை தொங்குகிறது. திரையைக் கிழிக்காமல் அந்தத் தீர்ப்புகள் எங்கள் தெருவுக்குத் தானாக வந்துசேராது.

இப்போது 'நேர்மையாளர்கள்' பக்கம் வருகிறேன். ஊழல் எதிர்ப்பு நண்பர் ஒருவர் என் ஏழு நகல்களையும் பார்த்துவிட்டுத் துள்ளிக் குதித்தார். "தோழர், வழக்குப் போடுவோம். நீட்டிப்பை ரத்து செய்யச் சொல்லுவோம். உடனே புது டெண்டர் விடச் சொல்லுவோம்." அய்யா, புது டெண்டர் விட்டால்? குறைந்த விலை கேட்பவருக்குப் போகும். ஆள் கூலியைத் தவிர வேறு என்ன இருக்கிறது குறைப்பதற்கு? புது ஒப்பந்தக்காரர் வருவார், பழைய ஆளில் பாதியை எடுப்பார், கையை மடக்க முடியாத சித்தியை எடுக்க மாட்டார், சங்கம் பேசியவளை எடுக்கவே மாட்டார். பழைய பி.எஃப். கணக்கு ஒரு எண்ணில், புதியது இன்னொரு எண்ணில். அம்மாவிடம் இப்படி இரண்டு கணக்கு தொங்கிக்கொண்டிருக்கிறது, ஒன்றில் அவள் பெயரே தப்பு. சென்னையில் என்ன நடந்தது? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியார் நிறுவனத்துக்கு மாற்றினார்கள். ஆண்டுக்கணக்கில் மாநகராட்சிக்குத் தற்காலிகமாக உழைத்தவர்களை, போய்க் கம்பெனியில் சேர்ந்துகொள் என்றார்கள். 2025 ஆகஸ்டு 1 முதல் 13 நாள் ரிப்பன் மாளிகை முன்பு அந்தப் பெண்கள் உட்கார்ந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில், உயர் நீதிமன்ற உத்தரவைக் காட்டி, போலீஸ் தூக்கிப் போனது. அங்கே நீட்டிப்பு இல்லை, முறையான டெண்டர்தான். யோக்கியமான டெண்டரும் எங்களைத் தெருவில்தான் உட்கார வைத்தது.

ஆக நீட்டிப்பை எதிர்க்கிறேன், புது டெண்டரையும் கேட்கவில்லை. அப்புறம் என்னதான் கேட்கிறாய் என்றால், ஒப்பந்தமே வேண்டாம் என்கிறேன்.

நம் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் வருகிறது. அதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். 'கொள்முதலில் நமக்குப் பங்கு கேட்போம். நம் பிள்ளைகளும் ஒப்பந்தக்காரர்களாகட்டும்.' கோரிக்கை தவறல்ல. மத்திய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்கள் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது. கர்நாடகம் சட்டமே திருத்தி, குறிப்பிட்ட தொகை வரையிலான கட்டுமான வேலைகளில் 17.15 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினருக்கும் 6.95 விழுக்காட்டைப் பழங்குடியினருக்கும் ஒதுக்கியது. நீட்டிப்பு இந்தப் பங்கையும் சேர்த்துத்தான் விழுங்குகிறது. டெண்டரே வராத இடத்தில் எந்தப் பங்கு வரும்? சாலை போடட்டும், கட்டடம் கட்டட்டும், கணினி விற்கட்டும் நம் பிள்ளைகள், நானே கூட நின்று கேட்கிறேன். ஆனால் துப்புரவுக்கு ஆள் அனுப்புகிற டெண்டரில் நமக்குப் பங்கு வேண்டாம். நம் அம்மாவின் கூலியில் கமிஷன் எடுப்பதற்கு நம் சாதியிலேயே ஒருத்தனைத் தயார் செய்வதை விடுதலை என்று சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். இதில் என்னோடு சண்டை போட விரும்பும் தோழர்கள் எழுதுங்கள்.

2020இல் 'துப்புரவுப் பணியாளர்' என்ற பெயரைத் 'தூய்மைப் பணியாளர்' என்று மாற்றினார்கள். கொரோனா காலத்தில் மாலை போட்டார்கள், பாதபூசை செய்தார்கள். அம்மாவுக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். "துண்டு வேணாம் சார், ரெண்டு மாசக் கூலி பாக்கி" என்று சொல்லியிருக்கிறாள். போட்டோ எடுத்தவர்கள் சிரித்தார்களாம். 2022இல் மாநகராட்சி, நகராட்சிப் பணியிடங்களை வெளி முகமைக்குத் தள்ளுகிற அரசாணைகள் 152, 139 வந்தபோது அந்தத் துண்டு போர்த்தியவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. தொழிற்சங்கங்கள்தான் தெருவுக்கு வந்தன. நிரந்தரப் பணியிடம் போனால் துடைப்பம் மட்டும் போகவில்லை. மேற்பார்வையாளர், ஓட்டுநர், அலுவலக உதவியாளர் என்று அங்கிருந்து ஏறுகிற படியும், அதில் இருந்த இட ஒதுக்கீடும் சேர்ந்து போனது. ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் இட ஒதுக்கீடு ஏது? கூட்டுகிற வேலையில் மட்டும் எழுதாத நூறு விழுக்காடு.

இதையெல்லாம் இப்போது அவசரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1970ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. அதில் 20 பேர் என்றிருந்த வரம்பு இப்போது 50. வார்டு வார்டாகப் பிரித்து 49 பேர் என்று எழுதினால் ஒப்பந்தத் தொழிலாளர் அத்தியாயத்துக்கே வெளியே போய்விடலாம். எங்கள் ஊரில் அந்தப் பேச்சு தொடங்கிவிட்டது.

புதிய பாதுகாப்புத் தொகுப்பின் 57ஆம் பிரிவு, ஒரு நிறுவனத்தின் மையமான வேலையில் ஒப்பந்தத் தொழிலாளர் கூடாது என்கிறது. கூட்டுவது, துடைப்பது, குப்பை அள்ளுவது மையமான வேலையாகாது என்று அந்தத் தொகுப்பு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது. பார்த்தவுடனே பலர் சோர்ந்துபோனார்கள். ஆனால் அந்த விலக்குக்குள் ஒரு சொல் இருக்கிறது: நிறுவனம் அந்த வேலைக்காகவே அமைக்கப்பட்டதாக இல்லாவிட்டால். துணிக்கடைக்குக் கூட்டுவது மைய வேலை அல்ல, சரி. நகராட்சி வேறு எதற்காக அய்யா அமைக்கப்பட்டது? அரசியல் சாசனத்தின் 12ஆம் அட்டவணையில் 6ஆவது இனம் பொது சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை. நகராட்சியின் மையமே குப்பைதான். ஆக, சட்டத்தின் எழுத்துப்படியே எங்கம்மா வேலைக்கு ஒப்பந்தக்காரர் கூடாது.

அவர்களிடமும் இதற்குப் பதில் இருக்கிறது. அதே 57ஆம் பிரிவில் இன்னொரு கதவு: அந்த வேலை வழக்கமாகவே ஒப்பந்தக்காரர் மூலம்தான் நடந்து வருகிறது என்றால், மையமான வேலையிலும் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளலாம். வழக்கமாக! வழக்கம் எப்படி உண்டாகிறது? ஏழு தீர்மானத்தால் உண்டாகிறது. எட்டாவது தீர்மானத்தால் உறுதியாகிறது. நாளைக்கு நாம் வழக்குப் போடும்போது நகராட்சி வக்கீல் நீட்டப்போகிற சாட்சி இதே 'அவசயம்' தீர்மானங்கள்தான். நாம் ஒவ்வொரு நீட்டிப்பையும் ஊமையாகப் பார்த்துக்கொண்டிருந்தால், அந்த வழக்கத்துக்கு நாமும் கையெழுத்துப் போட்டதாகத்தான் கணக்கு.

அதனால்தான் இந்த முறை எட்டாவது தீர்மானம் வருவதற்கு முன்பே எதிர்ப்பு மனு கொடுத்திருக்கிறோம். அதில் கேட்டிருப்பது: ஒப்பந்தம் முடிகிற நாளிலிருந்து வருகைப் பதிவேட்டை நகராட்சி தன் பெயரில் எடுக்க வேண்டும், கூலியை நேராகக் கொடுக்க வேண்டும், பழைய ஒப்பந்தக்காரர்கள் காலத்து வருகைப் பதிவேடுகளையும் சந்தாக் கணக்குகளையும் ஒரே கோப்பில் சேர்த்துக் கொடுக்க வேண்டும், நீட்டித்தே தீருவோம் என்றால், மையமான வேலைக்கு ஏன் ஒப்பந்தம் என்ற காரணத்தைத் தீர்மானத்திலேயே எழுத வேண்டும். கடைசிக் கோரிக்கையைப் படித்துவிட்டு ஆணையரின் உதவியாளர் மனுவை வாங்க மறுத்தார். பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஒப்புகை அட்டை வந்துவிட்டது.

மற்ற ஊர்த் தோழர்களுக்கு: உங்கள் நகராட்சியில் துப்புரவு ஒப்பந்தம் முடிகிற தேதி எது, இதுவரை எத்தனை நீட்டிப்பு, அந்தத் தேதிகளுக்கு நடுவில் எத்தனை நாள் ஓட்டை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் உடனே கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள் கெடு. பெண்களிடம் போய்ப் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, ஈ.எஸ்.அய். அட்டை எதையும் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கம்மா பதினோரு வருசத்து அட்டைகளையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "படம் நல்லா வந்திருக்குதுடா, அதான்" என்றாள். நாலு ஒப்பந்தக்காரர் பெயரும் அதில் இருக்கிறது. மனுவோடு அந்த அட்டைகளின் நகலைத்தான் முதல் இணைப்பாக வைத்திருக்கிறோம்.